ஆர்த்துரோ சண்டோவால்: அனுமதிக்கப்பட்ட இசையும் தடுக்கப்பட்ட இசையும்

மேற்கத்திய இசை உலகில் ட்ரம்பெட் வாசிப்பவர்களைப் பெரும்பாலும் இரண்டு முகாம்களில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முகாம் சிம்பொனி மேடைக்கு உரியது. அங்கே ஹைடனும் ஹும்மெலும் எழுதிவைத்த சுரங்களை எழுதியபடி, துல்லியமாக, ஒரே சீரான ஒலியில் வாசிக்க வேண்டும். மற்றது ஜாஸ் மேடைக்கு உரியது. அங்கே எழுதியிருப்பது தொடக்கம் மட்டுமே. மிச்சத்தை வாசிப்பவர் அந்தக் கணத்தில் உண்டாக்க வேண்டும். இரண்டிலும் முதல் வரிசையில் நின்றவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் புகலிடம் பெற்ற ஆர்த்துரோ சண்டோவால்.

பத்து கிராமி விருதுகள், 2013 இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம், 2024 இல் கென்னடி மையத்தின் கௌரவம் என்று அவருடைய பட்டியல் நீளமானது. ஆனால் அவரைப் பற்றி எழுதத் தூண்டியது அந்தப் பட்டியல் அல்ல. மற்ற கலைஞர்கள் செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் இடையே நடமாடியது அவர்களுடைய விருப்பத்தினால். சண்டோவாலின் இளமையிலோ அந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது ஓர் அரசாங்கம். ஒன்று பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கற்பிக்கப்பட்டது. மற்றதைக் கேட்டதற்காக அவர் சிறையில் இருந்தார்.

அர்தெமிசாவிலிருந்து ஹவானாவுக்கு

சண்டோவால் 1949 நவம்பர் 6 ஆம் நாள், ஹவானாவுக்குத் தென்மேற்கே உள்ள அர்தெமிசா என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தந்தை வாகனம் திருத்தும் மெக்கானிக். வீட்டில் இசைப் பின்னணி எதுவும் இல்லை. கியூபப் புரட்சி வென்ற 1959 இல் அவருக்கு வயது ஒன்பது. பதின்மூன்று வயதளவில் ஊர் பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்து, வெவ்வேறு கருவிகளை எடுத்துப் பார்த்துவிட்டு ட்ரம்பெட்டில் வந்து நின்றார்.

ஊரில் இருந்த ஒரு மூத்த ட்ரம்பெட் கலைஞரிடம் பாடம் கேட்கப் போனதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரியவர் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது உனக்குச் சரிவராது, வேறு வேலை பார் என்று அனுப்பிவிட்டாராம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போன பையன் மறுபடியும் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிரபலமானவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்தான். ஆனாலும் பின்னாளில் அவர் தினமும் சாதகம் செய்த நேரத்தைப் பற்றிப் படிக்கும்போது, அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வது போலவே தோன்றுகிறது.

1964 இல் ஹவானாவின் தேசியக் கலைப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரட்சிக்கு முன் செல்வந்தர்கள் கோல்ஃப் விளையாடிய கன்ட்ரி கிளப் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டு, அங்கே இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியவற்றுக்குப் பள்ளிகளைக் கட்டியது. ஒரு மெக்கானிக்கின் மகன் கட்டணம் இல்லாமல் மூன்று ஆண்டுகள் முறையான செவ்வியல் ட்ரம்பெட் பயிற்சி பெற்றது இந்த ஏற்பாட்டினால்தான். கியூப அரசைச் சண்டோவால் எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் (மிகக் கடுமையாகவே விமர்சிப்பவர் அவர்), அவருடைய உதட்டுக்கும் விரலுக்கும் அடித்தளம் போட்டது அந்த அரசு திறந்த பள்ளிதான். இதை மறைத்து எழுதினால் வரலாறு பாதியாகிவிடும்.

அந்தப் பாடத்திட்டத்தில் ஜாஸ் இல்லை. அது அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் இசையாகக் கருதப்பட்ட காலம். ஒரு பத்திரிகையாளர் நண்பர்தான் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1940களில் வாசித்த பதிவு ஒன்றைச் சண்டோவாலுக்குப் போட்டுக் காட்டினார். தான் அதுவரை படித்த எதுவும் அந்த ஓட்டத்தை விளக்க உதவவில்லை என்பது அவருக்கு அப்போதே புரிந்தது. ஜாஸ் மீது அவருக்கு இருந்த பசி அன்று தொடங்கியது.

உதடு செய்யும் வேலை

இரண்டு இசைகளையும் ஒரே ஆள் வாசிப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். இதற்குக் கருவியைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

ட்ரம்பெட்டை நம்மவர்கள் கல்யாண பேண்டிலும் தேவாலய ஊர்வலத்திலும் சினிமாப் பாட்டிலும் கேட்டிருப்போம். தமிழ் விவிலியம் இந்தக் குடும்பத்துக் கருவியை எக்காளம் என்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. உதடு அதைக் கட்டுப்படுத்துகிறது. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. வாசிப்பவரின் இரண்டு உதடுகளே சீவாளி. கிண்ணம் போன்ற சிறு உலோக வாய்ப்பகுதிக்குள் உதடுகளை இறுக்கி, காற்றைச் செலுத்தி, அவற்றை அதிரவைக்க வேண்டும். மூன்று வால்வுகள் குழாயின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரே வால்வை அழுத்திக்கொண்டு, உதட்டின் இறுக்கத்தை மாற்றியே பல சுரங்களை எடுக்க வேண்டியிருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகப்போக அந்தச் சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிடும். ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரம் விழுந்துவிடும்.

ஆகவே ட்ரம்பெட் கலைஞரின் உண்மையான கருவி முகத்தில் உள்ள சில சிறு தசைகள். அவை களைத்துப்போகும், வீங்கும், வயதாகும். செவ்வியல் வாசிப்பு அந்தத் தசைகளிடம் ஒன்றைக் கேட்கிறது: சுத்தமான தொடக்கம், வளையாத நாதம், பக்கத்து வயலினோடு கலக்கும் மென்மை. ஜாஸ் ஏறத்தாழ எதிரானதைக் கேட்கிறது. சுரத்தை வளைக்க வேண்டும், சில இடங்களில் உறும வேண்டும், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும், கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே எழும்ப வேண்டும். ஒன்றுக்காகப் பழகிய முகம் மற்றதில் பெரும்பாலும் தடுமாறும். நாக்கைத் தட்டும் விதம்கூட வேறு. இன்று மாலை ஒன்று, நாளை மாலை மற்றது என்று மாறுவது, கர்நாடகக் கச்சேரி செய்பவர் மறுநாளே கஜல் மேடையில் அதே தரத்தில் நிற்பது போன்றது. அதிலும் குரல்வளை போல் அல்லாமல் இங்கே தேய்வது உதடு.

வானொலி கேட்ட குற்றம்

1967 இல் கியூப அரசின் ஆதரவோடு நவீன இசைக்கான ஒரு பெரிய இசைக்குழு அமைக்கப்பட்டது. நாட்டின் திறமையான இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சண்டோவாலும் அவர்களில் ஒருவர். 1971 இல் கட்டாய இராணுவ சேவைக்கு அவர் அழைக்கப்பட்டார். அங்கே இருந்தபோதும் வாசிப்பது நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் குரல் வானொலி, வில்லிஸ் கோனோவர் என்ற அறிவிப்பாளரின் ஜாஸ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் ஒலிபரப்பிவந்தது. ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார் கோனோவர். சோவியத் ஒன்றியத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறையே ஜாஸை அவரிடமிருந்துதான் கற்றது. சண்டோவாலும் கேட்டார். ஒரு நாள் மேலதிகாரியிடம் அகப்பட்டுக்கொண்டார். எதிரியின் குரலைக் கேட்ட குற்றத்துக்காக மூன்றரை மாதங்கள் சிறையில் இருக்க நேர்ந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு, ஒரு சிற்றலை ஒலிபரப்புக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

வெளியே வந்தவர் வானொலியை விடவில்லை.

இராக்கெரே

1973 இல் பியானோ கலைஞர் சூச்சோ வால்டெஸ் தலைமையில், அந்தப் பெரிய இசைக்குழுவிலிருந்து பிரிந்து இராக்கெரே என்ற குழு உருவானது. யொருபா மொழியில் அந்தச் சொல்லுக்கு அடர்ந்த காடு என்ற பொருள் உண்டு. சக்ஸபோன் கலைஞர் பாகீத்தோ த ரிவேராவும் சண்டோவாலும் அதன் தூண்கள்.

இவர்கள் வாசிக்க விரும்பியது பீபாப் எனப்படும் வேகமான ஜாஸ். அதை அந்தப் பெயரில் வாசிக்க முடியவில்லை. டிரம்ஸில் உள்ள வெண்கலத் தட்டுகளின் சத்தமே ஜாஸ் வாடை அடிக்கிறது என்று ஆட்சேபம் வந்ததாகச் சண்டோவால் நினைவுகூர்ந்திருக்கிறார். தட்டுகளை விலக்கிவிட்டு, காங்கோ மேளங்களையும் மாட்டு மணியையும் வைத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்கச் சடங்குகளிலிருந்து வந்த பாட்டா மேளங்களும் சேர்ந்தன. மேற்பரப்பில் அது மக்கள் ஆடும் கியூப நடன இசை, உள்ளே ஜாஸ். மொசார்ட்டின் மெட்டு ஒன்றை எடுத்து விரித்த உருப்படியும் அவர்களிடம் இருந்தது. தடையைச் சுற்றிப் போகத் தேடிய வழி, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் ஒலியாக மாறிவிட்டது. தடைதான் அந்த இசையை உண்டாக்கியது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. தடை இல்லாதிருந்தால் இவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை நாம் கேட்கவே முடியாதல்லவா?

டாக்சிக்காரனும் டிஸ்ஸியும்

டிஸ்ஸி கில்லெஸ்பிக்குக் கியூபா புதிதல்ல, அந்த மண்ணை மிதித்திருக்கவில்லை என்பதைத் தவிர. 1947 இலேயே கியூப மேளக் கலைஞர் சானோ போசோவைத் தன் குழுவில் சேர்த்து, ஆப்பிரிக்க கியூபத் தாளத்தையும் ஜாஸையும் இணைத்தவர் அவர். போசோ அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1977 மே மாதத்தில், ஜாஸ் கலைஞர்களை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த பயணக் கப்பல் ஒன்று ஹவானா துறைமுகத்தில் நின்றது. ஸ்டான் கெட்ஸ், ஏர்ல் ஹைன்ஸ் ஆகியோருடன் கில்லெஸ்பியும் அதில் இருந்தார்.

செய்தி கிடைத்ததும் சண்டோவால் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். ஊர் பார்க்க வந்தவருக்கு ஊர் காட்டினார். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் ரும்பா மேளம் அடிக்கும் இடங்களுக்கு அழைத்துப் போனார். தான் ஓர் இசைக்கலைஞன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒருவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது. அன்று மாலை நடந்த கூட்டுக் கச்சேரியில் காரோட்டி ட்ரம்பெட்டும் கையுமாக மேடையில் நிற்பதைப் பார்த்து, என்னுடைய டிரைவருக்கு இங்கே என்ன வேலை என்று கில்லெஸ்பி கேட்டாராம். வாசிப்பைக் கேட்டபின் அந்தக் கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. 1993 ஜனவரியில் கில்லெஸ்பி இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. தந்தை என்ற சொல்லைத்தான் சண்டோவால் இன்றும் அவருக்குப் பயன்படுத்துகிறார்.

அடுத்த ஆண்டு, 1978 இல், நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்காக இராக்கெரே நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தது. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய இசைத்தட்டு 1980 இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டில் பாகீத்தோ த ரிவேரா ஸ்பெயினில் வைத்துப் புகலிடம் கேட்டார். 1981 இல் சண்டோவால் இராக்கெரேயை விட்டு விலகித் தனிக் குழு தொடங்கினார். 1982 இல் ஹெல்சிங்கியில் கில்லெஸ்பியோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். லண்டன் சோஹோவில் உள்ள ரோனி ஸ்காட்ஸ் அரங்குக்கு அடிக்கடி வந்து வாசித்தார். லெனின்கிராட் சிம்பொனியோடும் லண்டனில் பிபிசி சிம்பொனியோடும் மேடையேறியதும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது சுதந்திரமாக உலகம் சுற்றும் கலைஞனின் வாழ்க்கை. உண்மையில் அவர் சுற்றும்போது மனைவியும் மகனும் ஹவானாவில் இருப்பார்கள். குடும்பம் முழுவதையும் ஒன்றாக வெளியே விட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பது அரசுக்குத் தெரியும்.

1990, ரோம்

கில்லெஸ்பி 1988 இல் அமெரிக்கா, கியூபா, பிரேசில், பனாமா எனப் பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்து ஐக்கிய நாட்டு இசைக்குழு என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார். 1989 ஜூனில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் அது வாசித்த கச்சேரி பதிவாகியிருக்கிறது. அந்த மேடையில் பாகீத்தோவும் இருந்தார், சண்டோவாலும் இருந்தார். ஒருவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டை விட்டுப் போனவர். மற்றவர் கச்சேரி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டியவர். அந்த மாலைப் பதிவைக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

1990 கோடையில் அதே குழு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது, சண்டோவாலின் மனைவியும் மகனும் லண்டனில் வந்து தங்க அனுமதி கிடைத்தது. காத்திருந்த வாய்ப்பு அதுதான். ஜூலையில் கில்லெஸ்பியின் துணையோடு ரோமிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ப் புகலிடம் கேட்டார். வாஷிங்டனில் கில்லெஸ்பிக்கு இருந்த தொடர்புகள் உதவின. குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்து மயாமியில் குடியேறியது. புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பணி கிடைத்தது. 1991 இல் வெளிவந்த முதல் அமெரிக்க இசைத்தட்டுக்கு அவர் சுதந்திரத்தை நோக்கிய பயணம் என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வழக்கமான வெற்றிக் கதை. ஆனால் புகலிடம் கேட்ட எவருக்கும் தெரியும், தூதரக வாசலோடு எதுவும் முடிவதில்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவருக்குக் குடியுரிமை கொடுக்கலாகாது. கட்டாயத்தின் பேரிலோ, வேலை, உணவுப் பங்கீடு போன்ற அத்தியாவசியத் தேவைகளுக்காகவோ சேர்ந்திருந்தால் விதிவிலக்கு உண்டு. நாட்டை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்பு சண்டோவால் கட்சியில் சேர்ந்திருந்தார். குடும்பத்தை வெளியே கொண்டுவரும் அனுமதிக்காகவே சேர்ந்தேன், அது நம்பிக்கையினால் அல்ல என்பது அவருடைய விளக்கம். 1997 இல் குடியேற்ற அதிகாரிகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை, விண்ணப்பத்தை மறுத்தார்கள். ஆக, தப்புவதற்காக அவர் எடுத்த அடையாள அட்டையே, தப்பி வந்த இடத்தில் அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. ஹவானாவில் ஜாஸ் வாசித்ததால் அவர் போதுமான கம்யூனிஸ்ட் அல்ல; மயாமியில் ஓர் அட்டையினால் அவர் கம்யூனிஸ்ட்.

இன்ன அமைப்பில் எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா, இருந்தால் ஏன் என்ற படிவக் கேள்வியின் முன் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர்கள் நம்மிலும் நிறையப் பேர். ஒரு நாட்டில் உயிரோடும் தொழிலோடும் இருக்கச் செய்ய வேண்டியிருந்ததை இன்னொரு நாட்டின் சட்டச் சொற்களில் நியாயப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சண்டோவால் கதையில் தெளிவாகக் காணலாம். அவருக்குப் புகழ் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. முடிவு மாறி, 1998 இல் குடியுரிமை கிடைத்தது. அவை இல்லாதவருடைய கோப்பு எங்கே கிடந்திருக்கும்?

2000 ஆம் ஆண்டில் எச்பிஓ தொலைக்காட்சி இந்த வாழ்க்கையைத் திரைப்படமாக்கியது. சண்டோவாலாக நடித்தவர், கியூபாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போன ஆண்டி கார்சியா. படத்தின் இசைக்காகச் சண்டோவாலுக்கு எம்மி விருது கிடைத்தது.

எல்லோருடைய குரலிலும்

அமெரிக்கா வந்தபின் செய்த பதிவுகளில் அவருடைய பன்முகத் திறன் முழுமையாகத் தெரிகிறது. 1992 இல், இருபத்தைந்து வயதில் கார் விபத்தில் இறந்த கிளிஃபோர்ட் பிரவுனுக்கு அஞ்சலியாக ஓர் இறுவட்டு. பிரவுன் தனியாக வாசித்த கற்பனை வரிகளை எடுத்து, பல ட்ரம்பெட்டுகளுக்காக ஒத்திசைவு அமைத்து, எல்லாக் குரல்களையும் தானே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். 1994 இல் வெளிவந்த கியூப நடன இசைத் தொகுப்புக்கும் 1998 இல் பெரிய குழுவோடு செய்த தொகுப்புக்கும் கிராமி விருதுகள் கிடைத்தன.

அதே 1994 இல்தான் செவ்வியல் இசைத் தொகுப்பும் வந்தது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஹும்மெல், லெயோபோல்ட் மொசார்ட், ஆர்மேனிய இசையமைப்பாளர் அருத்யூனியன் ஆகியோரின் படைப்புகளோடு தானே எழுதிய கொன்சேர்ட்டோ ஒன்றையும் வாசித்தார். ஹும்மெலின் படைப்பு 1804 புத்தாண்டு அன்று முதலில் வாசிக்கப்பட்டது. வால்வு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், துளைகளை மூடித் திறக்கும் விசைகளைப் பொருத்திய ட்ரம்பெட்டை அன்டன் வைடிங்கர் என்பவர் வாசித்துவந்தார். ஹைடன் 1796 இலும் ஹும்மெல் அதன்பின்னும் எழுதியது அவருக்காகவே. இன்றும் உலகெங்கும் சிம்பொனி வேலைக்குப் போகும் ட்ரம்பெட் கலைஞர்களுக்கு இவை கட்டாயப் பாடம்.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வின்டன் மார்சலிஸ் 1984 இல் ஒரே கிராமி விழாவில் ஜாஸுக்கும் செவ்வியல் இசைக்கும் விருது வாங்கியவர். செவ்வியல் தூய்மையில் மார்சலிஸின் பதிவுகள் ஒரு படி மேல் என்பேன். சண்டோவாலின் ஹும்மெலில் ஒரு சூடு இருக்கிறது. சில இடங்களில் அந்தச் சூடு சற்று அதிகம். உச்ச ஸ்தாயியை அவர் அளவுக்கு மீறிக் காட்டுகிறார் என்று விமர்சகர்கள் சொல்வதும் பொய்யில்லை. மற்றவர்கள் ஏறவே தயங்கும் உயரத்துக்கும் மேலே இன்னொரு ஸ்தாயியில் அவர் சாதாரணமாக உலாவுவார். 1990களின் சில பதிவுகளில் அது விளையாட்டு வித்தையாகி, பாட்டை மறைத்துவிடுகிறது. மெதுவான பொலேரோ ஒன்றை அவர் கீழ் ஸ்தாயியில், ஏறக்குறைய பேசுவது போல வாசிக்கும்போதுதான் கலைஞன் தெரிகிறார்.

2003 இல் வெளியான ட்ரம்பெட்டின் பரிணாமம் பற்றிய தொகுப்பு இன்னொரு வகை. கிங் ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங் தொடங்கி டிஸ்ஸி, மைல்ஸ் டேவிஸ், மார்சலிஸ் வரை ஒவ்வொருவரின் பாணியிலும் ஒவ்வோர் உருப்படி. நடுவில் மெக்சிகோவின் ரஃபாயெல் மெந்தெஸும் பிரெஞ்சு செவ்வியல் மேதை மோரிஸ் ஆந்த்ரேயும் வருகிறார்கள். பாவனை செய்வது பெரிய கலையா என்று கேட்கலாம். மைல்ஸின் ஒடுங்கிய நாதமும் ஆந்த்ரேயின் வெள்ளி நாதமும் ஒரே உதட்டிலிருந்து வருவதைக் கேட்டபின் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

ட்ரம்பெட்டை வைத்துவிட்டுப் பியானோவில் மட்டும் ஒரு முழுத் தொகுப்பும் செய்திருக்கிறார். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் இரண்டு படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். மயாமி கடற்கரையில் 2006 இல் தன் பெயரில் தொடங்கிய ஜாஸ் அரங்கு இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். 2012 இல் டிஸ்ஸிக்காகச் செய்த தொகுப்பு அடுத்த ஆண்டு கிராமி பெற்றது. அதே 2013 நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஒபாமா அவருக்குச் சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார். குடியுரிமை மறுக்கப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சூச்சோ வால்டெஸ் அன்று கியூபாவிலேயே தங்கினார். அங்கிருந்தபடியே உலகப் புகழ் பெற்றார். போனவரா இருந்தவரா பெரிய கலைஞர் என்று கியூபர்களிடையே நடக்கும் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இருவரும் சேர்ந்து வாசித்த பழைய பதிவுகளை இரண்டு தரப்பும் கேட்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் இராக்கெரேயின் 1978 மேடைப் பதிவைக் கேட்கலாம். வெண்கலத் தட்டுகளுக்குப் பதிலாக வந்த மேளங்கள் எவை என்று காது பிரித்தறியும். அடுத்து 1989 ஃபெஸ்டிவல் அரங்கக் கச்சேரி. அதன்பின் செவ்வியல் தொகுப்பு. அதில் ஹும்மெலை முடித்துவிட்டு உடனே சண்டோவாலின் சொந்தக் கொன்சேர்ட்டோவுக்குப் போகவும். பள்ளியில் கற்ற இலக்கணமும் போர்வைக்குள் கேட்ட வானொலியும் அங்கே ஒரே மேடையில் நிற்கின்றன.